முதல் செலவு கண்ணாடிக்கு: பழைய கட்டடத்தை வெடிப்பு தாங்க வைப்பது எப்படி?

2020 ஆகஸ்ட் 4. லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் துறைமுகக் கிடங்கு ஒன்றில் மாலை நேரத்தில் தீப்பிடிக்கிறது. புகை வானத்துக்கு எழும்புகிறது. சுற்றியுள்ள வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருந்தவர்கள் என்ன செய்திருப்பார்கள்? நாமாக இருந்தால் என்ன செய்வோமோ அதையேதான். பலர் ஜன்னல் ஓரமாகவும் பால்கனியிலும் நின்று போனில் வீடியோ எடுத்தார்கள். ஆறு மணியைத் தாண்டிச் சில நிமிடங்களில் கிடங்கிலிருந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 6,000-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். சுமார் 3 லட்சம் பேர் வீடிழந்தனர். அந்தக் காயங்களில் பெரும் பங்கு பறந்து வந்த கண்ணாடியால் வந்தது.

அந்த வாரமே சென்னையிலும் ஒரு பரபரப்பு. மணலி பகுதியின் சரக்குப் பெட்டக நிலையத்தில் 2015-லிருந்து தேங்கிக் கிடந்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் பற்றிச் செய்தி வந்ததும், அது அவசரமாக ஏலம் போய் ஹைதராபாத்துக்கு ஏற்றி அனுப்பப்பட்டது. ஞாபகம் இருக்கும்.

"வெடிப்பைத் தாங்கும் கட்டடம்னா அது ராணுவத்துக்கும் தூதரகத்துக்கும்தானே, நமக்கெதுக்கு?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு ஆலைக்குப் பக்கத்திலேயே ஊர்களும் பள்ளிகளும் இருக்கின்றன. பாய்லர் ஓடும் தொழிற்கூடங்கள் தெருவுக்குள்ளேயே இருக்கின்றன. இதற்காக யாரும் வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போவதில்லை. இருக்கிற கட்டடத்தில், இருக்கிற காசுக்குள், எதை முதலில் செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

காற்று அடிக்கும் அடி

வெடிப்பு என்றதும் நெருப்பைத்தான் நினைக்கிறோம். கட்டடத்தை உடைப்பது பெரும்பாலும் நெருப்பு அல்ல, காற்று. வெடித்த இடத்திலிருந்து காற்று ஒரு நொடியின் சிறு பின்னத்துக்குள் சுவர்போலக் கிளம்பி வருகிறது. அந்த அழுத்தத்தைக் கிலோபாஸ்கல் என்ற அளவில் சொல்வார்கள். 1 கிலோபாஸ்கல் என்றால் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 100 கிலோ எடை வைத்து அழுத்துவதுபோல. 4 அடிக்கு 4 அடி ஜன்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் திடீரென 150 கிலோ விழும். சாதாரண ஜன்னல் கண்ணாடி இந்த அளவிலேயே, கொஞ்சம் கூடினாலே, உடைய ஆரம்பித்துவிடும். சுவருக்கு ஒரு கீறல்கூட விழாத தூரத்தில்கூட கண்ணாடி நொறுங்குவது இதனால்தான்.

தூரத்தின் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். வெடிபொருளின் அளவு 8 மடங்கு கூடினால்தான், அதே உச்ச அழுத்தம் 2 மடங்கு தூரத்துக்கு எட்டும். பொறியாளர்கள் இதைக் கனமூல விதி என்கிறார்கள். திருப்பிச் சொன்னால், ஆபத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவில் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு அடியும், சுவரைத் தடிமனாக்குவதைவிட மலிவான பாதுகாப்பு. சிலிண்டர் குடோனைக் குடியிருப்புக்குத் தள்ளி வைக்கச் சொல்வதும், பட்டாசு ஆலையில் ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவே இடைவெளி கேட்பதும் இந்தக் கணக்கில்தான். ஒரு அலுவலகத்தின் தரைத்தளத்தில் வண்டிகள் சுவரை ஒட்டி வந்து நிற்காமல் கனமான பூந்தொட்டிகளை வரிசையாக வைப்பதுகூட இந்த வகைப் பாதுகாப்புதான். பார்க்கவும் நன்றாக இருக்கும்.

காசே இல்லாமல் செய்யக்கூடியது

2013 பிப்ரவரி 15 காலை, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஒரு விண்கல் வெடித்தது. முதலில் சூரியனைவிடப் பிரகாசமான ஒளி. சத்தம் இல்லை. என்ன ஏது என்று பார்க்க மக்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். இரண்டு நிமிடத்துக்கும் மேல் கழித்து அதிர்வலை வந்து சேர்ந்தது. சுமார் 1,500 பேர் மருத்துவ உதவி தேடினர். பெரும்பாலான காயங்கள் கண்ணாடியால் ஏற்பட்டவை. உயிரிழப்பு இல்லை. ஒரு பள்ளியில் மட்டும் ஓர் ஆசிரியை, ஒளியைப் பார்த்த உடனே நாற்பதுக்கும் மேற்பட்ட நான்காம் வகுப்புக் குழந்தைகளை மேசைக்கு அடியில் போகச் சொன்னார். அந்தக் குழந்தைகள் யாருக்கும் கண்ணாடி படவில்லை. நின்றுகொண்டிருந்த ஆசிரியைக்குக் கையில் ஆழமான வெட்டு.

ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க சுமார் 3 நொடி ஆகும். தூரத்தில் பெரிய ஒளியோ வழக்கத்துக்கு மாறான தீயோ தெரிந்தால் அந்தச் சில நொடிதான் உங்களிடம் இருக்கிறது. அதை ஜன்னலுக்குப் போகச் செலவழிக்கக் கூடாது. எதிர்ப்பக்கம் திரும்பி, ஜன்னல் இல்லாத உள்சுவர் ஓரம் போய், முகத்தையும் கழுத்தையும் மறைத்துக் குனிய வேண்டும். வீடியோ அப்புறம் எப்படியும் வாட்ஸ்அப்பில் வந்துவிடும்.

இதையே வீட்டு அமைப்பிலும் செய்யலாம். கட்டிலின் தலைமாடு ஜன்னலை ஒட்டி இருக்கிறதா? திருப்பிப் போடுங்கள். குழந்தை படிக்கும் மேசை ஜன்னலுக்கு நேராக இருந்தால் பக்கவாட்டுக்கு மாற்றுங்கள். பரணில் ஏற்றி வைத்த பித்தளைப் பாத்திரம், ஸ்க்ரூ ஆட்டம் கண்ட டியூப்லைட் பட்டி, கயிற்றில் தொங்கும் ஃபால்ஸ் சீலிங் பலகை எல்லாம் அதிர்வில் முதலில் விழுபவை. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஓர் ஸ்க்ரூட்ரைவரும் போதும்.

முதல் ரூபாய் கண்ணாடிக்கு

காசு செலவழிக்கத் தயார் என்றால் எல்லாரும் சுவரைத்தான் முதலில் கேட்கிறார்கள். என் கணிப்பில் அது தவறான வரிசை. காயப்படுத்துவதில் முந்திக்கொள்வது கண்ணாடி, சரிசெய்ய மலிவானதும் அதுவே.

கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டும் சேஃப்டி ஃபிலிம் என்று கடையில் கிடைக்கிறது. காரில் வெயிலுக்கு ஒட்டும் மெல்லிய கறுப்புத் தாளும் இதுவும் ஒன்றல்ல. தடிமனைக் கேட்டு வாங்க வேண்டும். சிறிய ஜன்னலுக்குக் குறைந்தது 100 மைக்ரான், பெரிய கண்ணாடிக்கு 175 மைக்ரானுக்குக் குறையாமல் என்பது பிரிட்டனில் வழக்கமாகப் பின்பற்றும் அளவு. இந்தத் தாள் கண்ணாடி உடைவதைத் தடுக்காது. உடைந்த துண்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது போதும். நூறு கத்தியாகப் பறந்து வரவேண்டியது ஒரே தாளாகத் தொங்கும்.

இங்கேதான் ஒரு சிக்கல். தாளைக் கண்ணாடியின் தெரியும் பகுதியில் மட்டும் ஒட்டினால், பெரிய அழுத்தத்தில் மொத்தக் கண்ணாடியும் ஒரு பலகைபோலச் சட்டத்தை விட்டுக் கழன்று உள்ளே வந்துவிடும். அதனால் முக்கியமான இடங்களில் தாளின் ஓரத்தை ஜன்னல் சட்டத்தோடு சிலிகான் பசையாலோ பட்டையாலோ பிடித்துவைப்பார்கள். அப்படிப் பிடித்தாலும், அந்தச் சட்டம் சுவரில் நாலே நாலு ஆணியில் நின்றால் என்ன பயன்? பழைய அலுமினிய ஜன்னல்கள் பலவும் அப்படித்தான் நிற்கின்றன. சட்டத்தைச் சுவருக்குள் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கிய பிறகு ஃபிலிம் ஒட்டுவதுதான் சரியான வரிசை. கண்ணாடி, சட்டம், சுவர் மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று பலவீனமானால் மற்ற இரண்டுக்குச் செய்த செலவும் வீண்.

எப்படியும் கண்ணாடி மாற்றப் போகிறீர்கள் என்றால் லேமினேட்டட் கண்ணாடி கேளுங்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. கார் முன்கண்ணாடி கல் பட்டால் சிலந்திவலை மாதிரி விரிசல் விட்டும் அங்கேயே நிற்குமே, அந்த வகை. டஃபன்டு கண்ணாடி வேறு. அது சர்க்கரைக் கட்டிபோலச் சிறு துண்டுகளாக உடையும். சாதாரண விபத்துக்கு நல்லது. ஆனால் வெடிப்பில் அந்தத் துண்டுகளும் வேகமாகப் பறக்கும். கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்பார். ஒன்றல்ல.

இதைவிட மலிவானது திரைச்சீலை. பிரிட்டன் அரசு அலுவலகங்களில் ஃபிலிமோடு சேர்த்து, நெருக்கமான வலைத்துணியில் தைத்த திரைகளைப் பயன்படுத்தினார்கள். ஜன்னலைவிட அகலமாகவும் நீளமாகவும் தைத்து, அடியில் எடைக்கட்டி வைப்பார்கள். அதிர்வலை வந்ததும் துணி பாய்மரம்போல உப்பிக் கண்ணாடியை ஏந்திக்கொள்ளும். நம் வீட்டு கனத்த திரை அந்த அளவுக்கு வேலை செய்யாது. ஆனாலும் மூடிய திரை, திறந்த திரையைவிட நல்லது.

சமையலறை: வெளியிலிருந்து அல்ல, உள்ளிருந்து வரும் வெடிப்பு

இங்கே கணக்கு தலைகீழாகிறது. ஆபத்து உள்ளேயே உருவாவதால், அதைத் தாங்குவதைவிட உருவாகாமல் செய்வதும், உருவானால் வெளியே போக வழி விடுவதும்தான் மலிவு.

10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரச் சமையலறையை எடுத்துக்கொள்வோம். எல்.பி.ஜி. காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். இந்த அறைக்கு அது ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ வாயு. முழு சிலிண்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாகப் படரும். அதனால் அறை முழுக்க நிறைய வேண்டியதே இல்லை. கணுக்கால் உயரத்தில் தேங்கினாலே ஒரு ஃபிரிட்ஜ் சுவிட்ச் பொறி போதும்.

பெரும்பாலான வீடுகளில் வென்டிலேட்டரும் எக்ஸாஸ்ட் ஃபேனும் கூரையை ஒட்டி இருக்கின்றன. அவை புகைக்கு நல்லவை, எல்.பி.ஜி.க்கு உதவாது. வெளிச்சுவரில் தரைமட்டத்தை ஒட்டி ஒரு செங்கல் அளவுக்குத் துளை போட்டு, எலி வராமல் கம்பிவலை அடித்துவிட்டால் கசிந்த வாயு வழிந்து போகும். கொத்தனாருக்கு அரைநாள் வேலைகூட இல்லை. இந்தக் கட்டுரையில் சொல்லும் எல்லாவற்றிலும் கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான் என்பேன். அந்தத் துளை சாக்கடைக்குள்ளோ, கீழ்த்தள அறைக்குள்ளோ, சம்புக்குள்ளோ திறக்கக் கூடாது. சிலிண்டரைத் தரைமட்டத்துக்குக் கீழே உள்ள பள்ளத்திலும் வைக்கக் கூடாது. கேஸ் கசிவு அலாரம் வாங்கினால் அதையும் தரையிலிருந்து சுமார் ஒரு அடிக்குள் மாட்டுங்கள். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாயிலேயே கிடைக்கிறது.

குழாய் வழி இயற்கை எரிவாயு இணைப்பு வாங்கியவர்கள் கவனிக்க: அது காற்றைவிட லேசானது. மேலே போய்க் கூரையடியில் தேங்கும். உங்கள் துளையும் அலாரமும் மேலே இருக்க வேண்டும். சிலிண்டரிலிருந்து குழாய்க்கு மாறும்போது அலாரத்தையும் இடம் மாற்ற வேண்டும்.

மற்றொரு விஷயம். வரவேற்பறைக் கண்ணாடிக்குச் சொன்ன இறுக்கம் சமையலறை ஜன்னலுக்குப் பொருந்தாது. மூடிய அறைக்குள் வாயு வெடித்தால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். எங்காவது வழி கிடைத்தால் அங்கேயே அது நின்றுவிடும். ஜன்னல்தான் அந்த வழி. குக்கருக்கு சேஃப்டி வால்வு இருப்பதுபோல. அதனால் சமையலறை ஜன்னலில் ஃபிலிம் ஒட்டினாலும் ஓரங்களைச் சட்டத்தோடு பிடிக்காமல் விடுங்கள். துண்டுகள் சிதறாது, அழுத்தமும் வெளியேறும். வெளிப்பக்கம் திறக்கும் கதவு வைத்த ஜன்னலாக இருந்தால் இன்னும் நல்லது.

சிலிண்டரில் இருந்து அடுப்புக்குப் போகும் ரப்பர் டியூபில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தேதியும் அச்சிட்டிருக்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இப்போதே போய்ப் பாருங்கள், கட்டுரை எங்கேயும் போகாது.

டீ போட்டதில் சரிந்த 22 மாடி

1968 மே 16, விடியற்காலை. லண்டனின் கிழக்குப் பகுதியில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பு. திறந்து இரண்டே மாதம். 18-ஆவது மாடியில் ஒரு பெண்மணி டீ போட அடுப்பைப் பற்றவைத்தார். அடுப்பின் எரிவாயு இணைப்பில் இருந்த குறைபாடுள்ள பித்தளை நட்டு வழியாக இரவு முழுக்க வாயு கசிந்திருந்தது. வெடித்தது.

அது பெரிய வெடிப்பே இல்லை. அந்தப் பெண்மணி உயிர் பிழைத்தார். அவருடைய செவிப்பறைகூடக் கிழியவில்லை. ஆனால் மூலையில் இருந்த சுவர்ப் பலகைகள் வெளியே பிதுங்கி விழுந்தன. அந்தச் சுவரை நம்பித்தான் மேலே உள்ள தளங்கள் நின்றன. அவை சரிந்தன. சரிந்த பாரம் கீழே உள்ள தளங்களையும் அடுக்கடுக்காக இழுத்துக்கொண்டு தரைவரை போனது. 4 பேர் இறந்தனர், 17 பேர் காயமடைந்தனர்.

காரணம் எளிது. தொழிற்சாலையில் வார்த்த சுவர்ப் பலகைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். ஒன்றோடொன்று கோத்துக் கட்டவில்லை. கட்டடத்தின் சொந்த எடைதான் பிடிமானம். பக்கவாட்டில் தள்ளினால் பிடிக்க ஆளில்லை. இதற்குப் பிறகு பிரிட்டனின் கட்டட விதிகளே மாறின. முக்கியமான சுவரும் தூணும் 34 கிலோபாஸ்கல் அழுத்தத்தைத் தாங்க வேண்டும், இல்லையென்றால் அது போனாலும் மற்றவை நிற்க வேண்டும் என்பது அங்கே பிறந்த விதி. ஒரு 10-க்கு 10 அடிச் சுவரில் 34 கிலோபாஸ்கல் என்றால் சுமார் 32 டன் தள்ளு. ஏற்கெனவே கட்டி முடித்திருந்த அதே வகைக் கட்டடங்களை என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்கான பாடம். பல கட்டடங்களில் எரிவாயு இணைப்பையே எடுத்துவிட்டு மின்சார அடுப்புக்கு மாற்றினார்கள். சுவரும் தளமும் சேரும் மூலைகளில் எஃகு ஆங்கிள்களைப் போல்ட் போட்டு இணைத்தார்கள். சுவர் தடிமனாகவில்லை, பிடிமானம்தான் கூடியது.

செங்கல் சுவருக்கு இதையே வேறு விதமாகச் செய்யலாம். நம் ஊர் ஒன்பது அங்குலச் சுவர் தலையில் எவ்வளவு பாரம் வைத்தாலும் தாங்கும். நெஞ்சில் குத்தினால் தாங்காது. நாலரை அங்குலச் சுவரும் ஹாலோ பிளாக் சுவரும் இன்னும் மோசம். வெளியிலிருந்து அழுத்தம் வந்தால் சுவர் உள்பக்கம் வளைகிறது. உள்முகம் இழுபடுகிறது. செங்கலும் கலவையும் இழுவைக்கு ஆகாதவை, அங்கேதான் பிளக்கும். அந்த முகத்தில் இழுவையைத் தாங்க எஃகு வேண்டும். பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் வெல்டு மெஷ் விரித்து, சுவரை ஊடுருவும் கம்பிகளால் இரண்டு மெஷ்ஷையும் சேர்த்துக் கட்டி, மேலே நல்ல சிமென்ட் கலவை பூசுவது ஒரு பழகிய முறை. நிலநடுக்கத்துக்காகப் பழைய கட்டடங்களை வலுப்படுத்தும் ஐ.எஸ். 13935 தர விதியிலும் மெஷ் பட்டைகள் உண்டு. மேஸ்திரிகளுக்குத் தெரிந்த வேலைதான். அவர்கள் தவறவிடும் இடம் இரண்டு: ஊடுருவும் கம்பியை மிச்சப்படுத்துவார்கள், மெஷ்ஷின் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் கான்கிரீட் தளத்தோடு பிணைக்காமல் விட்டுவிடுவார்கள். அப்படி விட்டால் மெஷ் வெறும் அலங்காரம். பூச்சு வேலை தொடங்கும் முன் மெஷ்ஷைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பூசிவிட்டால் யாராலும் பார்க்க முடியாது.

முழு வீட்டுக்கும் செய்யத் தேவையில்லை. ஆபத்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கச் சுவர், படிக்கட்டைச் சுற்றிய சுவர், கைப்பிடிச்சுவர் இவை முதலில். கீழே ஓடிவரும் ஆள்மேல் விழுவது பெரும்பாலும் கைப்பிடிச்சுவர்தான்.

வெளிநாட்டில் வேறு வழிகளும் உண்டு. லாரித் தொட்டியில் தேய்மானத்துக்குத் தெளிக்கும் ரப்பர் போன்ற பாலிமர் பூச்சை அமெரிக்க விமானப்படை ஆய்வகம் செங்கல், பிளாக் சுவர்களின் உள்பக்கம் தெளித்துச் சோதித்தது. சுவர் உடைந்தது. துண்டுகள் அறைக்குள் பறக்கவில்லை. அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனில் செங்கல் சுவருக்குப் பின்னால் எஃகுக் குழாய்ச் சட்டமும் ஜியோடெக்ஸ்டைல் துணியும் வைத்துப் புதுப்பித்திருந்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று விமானம் மோதியது பெரும்பாலும் அந்தப் புதுப்பித்த பகுதியில். மோதிய இடத்துக்கு மேலே இருந்த தளங்கள் சுமார் அரைமணி நேரம் நின்ற பிறகே சரிந்தன. அந்த நேரத்தில் பலர் வெளியேறிவிட்டார்கள். கட்டடம் சேதமே ஆகக் கூடாது என்று எதிர்பார்ப்பது பேராசை. ஆள் வெளியே வரும்வரை நின்றால் அது வெற்றி.

தூண்: இங்கே நீங்களாக எதுவும் செய்யாதீர்கள்

1995 ஏப்ரல் 19-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் 9 மாடி அரசு அலுவலகக் கட்டடத்தின் முன்னால் லாரி குண்டு வெடித்தது. 168 பேர் இறந்தனர். முகப்பில் இடம் விசாலமாக இருக்கட்டும் என்று கீழே தூண்களைக் குறைத்து, மேலிருந்து வந்த தூண்களை மூன்றாம் தளத்தில் ஒரு பெரிய பீம்மேல் உட்கார வைத்திருந்தார்கள். கீழே மூன்று தூண்கள் போனதும் அந்த பீம் போனது. அதோடு கட்டடத்தின் பாதியும். வெடிப்பு நேராகக் கொன்றவர்களைவிடச் சரிவு கொன்றவர்கள் அதிகம்.

நம் ஊரில் கீழே கார் நிறுத்தம், மேலே வீடுகள் என்ற அமைப்பு எங்கும் இருக்கிறது. அந்தத் தூண்கள் சுவரின் துணையின்றித் தனியாக நிற்பவை. அவற்றைச் சுற்றிக் கூடுதல் கம்பியும் நெருக்கமான வளையமும் கட்டிக் கான்கிரீட் உறை போடலாம். எஃகு உறையோ, ஃபைபர் துணிச் சுற்றோ போடலாம். எது, எவ்வளவு என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுத்தான் சொல்ல வேண்டும். தவறான உறை ஒரு தூணை மட்டும் விறைப்பாக்கி, பாரம் முழுவதையும் அதன்மேல் இழுத்துவிடலாம். வெடிப்புச் சுமைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 4991. உங்கள் பொறியாளரிடம் இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். தெரியும் என்றால் தொடருங்கள். சென்னை தரமணியில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் வெடிபொருள் கிடங்குகளுக்கான சிறப்புக் கான்கிரீட் அமைப்புகளில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த நிறுவனம். பள்ளி, மருத்துவமனை போன்ற பெரிய கட்டடத்தை நிர்வகிப்பவர்கள் இப்படிப்பட்ட இடங்களில் ஆலோசனை பெறுவது நல்லது.

தனிவீட்டுக்காரர் இந்தச் செலவில் இறங்க வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். தரைத்துளை, டியூப், அலாரம், கண்ணாடி, கைப்பிடிச்சுவர் வரை போனாலே போதும். அடுக்குமாடிச் சங்கங்கள் மட்டும் தூணைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். அதற்கும் முன்னால், தூணை ஒட்டி அடுக்கி வைத்திருக்கும் உபரி சிலிண்டர்களை அப்புறப்படுத்த ஒரு தீர்மானம் போடுங்கள்.

பட்டாசு ஆலை இருக்கும் ஊர்களுக்கு

ஆலைக்குள் என்ன விதி என்பதை வெடிபொருள் விதிகள் 2008 சொல்கின்றன. ஒரு ஷெட்டில் 4 பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். சுற்றி வசிப்பவர்களுக்கு யாரும் விதி சொல்வதில்லை. ஆலைப் பக்கம் பார்த்த ஜன்னல்களுக்கு ஃபிலிம் அல்லது மரக்கதவு. ஷீட் கூரை என்றால் ஜே-ஹூக் போல்ட்டுகள் துருப்பிடிக்காமல் இறுக்கமாக இருக்கின்றனவா என்று வருடத்துக்கு ஒருமுறை பார்வை. அதிர்வலை முதலில் கூரையை அழுத்தும், அடுத்த நொடியே மேலே உறிஞ்சும். கழன்ற ஷீட் தெருவில் போகிறவர் மேல் விழும். பள்ளியில் அந்தப் பக்க ஜன்னலை ஒட்டிய பெஞ்சு வரிசையைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போடச் சொல்லித் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, கட்டடத்தைப் பற்றியது அல்ல. 2012 செப்டம்பர் 5-இல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள் அல்ல. முதல் சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடி வந்தவர்கள். அடுத்த வெடிப்பில் சிக்கிக்கொண்டார்கள். புகை தெரிந்தால் 101 அல்லது 112-க்கு அழையுங்கள், ஜன்னலையும் ஆலையையும் விட்டு விலகி இருங்கள்.

போனில் சேமிக்க வேண்டியவை

எல்.பி.ஜி. கசிவுக்கு 1906. இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும். வாசனை வந்ததும் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து நின்று போனை எடுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று காப்பீடு. பதிவு செய்த எல்.பி.ஜி. வாடிக்கையாளர்களுக்காக எண்ணெய் நிறுவனங்கள் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. நீங்கள் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. எல்.பி.ஜி.யால் நேர்ந்த விபத்தில் உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய், மருத்துவச் செலவுக்கு ஒருவருக்கு அதிகபட்சம் 2 லட்சம், பதிவு செய்த முகவரியில் சொத்துச் சேதத்துக்கு அதிகபட்சம் 2 லட்சம் வரை கிடைக்கும். விபத்து நடந்தவுடன் உங்கள் விநியோகஸ்தரிடம் எழுத்துப்பூர்வமாகத் தெரிவியுங்கள். நிறுவனத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் சொல்வது அவர் பொறுப்பு. காவல்துறை அறிக்கை, மருத்துவ ரசீதுகள், தேவைப்பட்டால் இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை நீங்கள் கொடுக்க வேண்டும். வீடு மாறியும் இணைப்பைப் பழைய முகவரியிலேயே வைத்திருப்பவர்களுக்குச் சொத்துச் சேத இழப்பீட்டில் சிக்கல் வரும். முகவரி மாற்றத்தை உங்கள் நிறுவனத்தின் செயலியிலேயே தொடங்கலாம்.

சேதமான கட்டடத்துக்குள் பொறியாளர் பார்த்துச் சொல்லும்வரை போக வேண்டாம். வெளியே நின்றபடி நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். எட்டக்கூடிய விரிசலின் பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தைப் பிடித்து எடுத்தால் அகலம் தெரியும். தூண், பீம் விரிசல்களைத் தனி ஃபோல்டரில் போட்டு, தேதி தெரியும்படி பொறியாளருக்கு அனுப்புங்கள். இரண்டு நாள் கழித்து அதே இடத்தில், அதே நாணயத்தோடு மறுபடி எடுங்கள். விரிசல் வளர்ந்திருந்தால் அவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.